பள்ளத்தாக்குக்கு ரெண்டு நாள் கொடுங்க

எங்க ஊர்ல இப்போ பிள்ளைங்களைப் பார்க்க அமெரிக்கா போறது ராமேஸ்வரம் போய்ட்டு வர்ற மாதிரி ஆயிடுச்சு. சம்பா அறுவடை முடிஞ்சு, நெல்லைப் போட்டு, மாசி கடைசியில கிளம்புறாங்க. ஆவணிக்குள்ள திரும்பிடுறாங்க. திரும்பி வந்தவங்க போன்ல கண்டிப்பா கிராண்ட் கேன்யன் போட்டோ ஒண்ணு இருக்கும். எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, பாதிப் பேர் சொல்றது ஒரே பதில்தான்: "பெரிய பள்ளம்ப்பா. ஒரு மணி நேரம் நின்னோம். பஸ்சுல உட்கார்ந்ததுதான் பத்துப் பன்னெண்டு மணி நேரம்."

இதுல பள்ளத்தாக்கு மேல தப்பில்ல. பயணம் போட்ட விதத்துலதான் தப்பு. அதனால இந்தப் பதிவு, வெளிநாட்டுல இருந்து இதைப் படிக்கிற பிள்ளைங்களுக்கும், சென்னையில உட்கார்ந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுறவங்களுக்கும்.

நம்ம பிள்ளைங்க திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு. நாலு நாள் லீவு. லாஸ் வேகாஸ்ல ரூம். அதுல ஒரு நாள் கிராண்ட் கேன்யன். வேகாஸ்ல இருந்து தெற்கு விளிம்புக்கு ஒரு வழி மட்டும் 450 கிலோமீட்டர். தஞ்சாவூர்ல இருந்து சென்னை போறதைவிட நூறு கிலோமீட்டர் கூட. அதே நாள்ல போய்த் திரும்பினா 900. அறுபத்தஞ்சு வயசு ஆளு, சர்க்கரை மாத்திரையும் முட்டி வலியுமா இருக்கிறவரு, அவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்து எதைப் பார்ப்பாரு? கழிவறை எங்கேன்னுதான் பார்ப்பாரு.

சிலர் தூரத்துக்குப் பயந்து மேற்கு விளிம்புக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வேகாஸ்ல இருந்து 200 கிலோமீட்டர்தான். கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக் அங்கேதான் இருக்கு, 2007-ல திறந்தது. அது தேசியப் பூங்கா கிடையாது, ஹுவாலபாய் பழங்குடி மக்களோட நிலம். பூங்கா பாஸ் அங்கே செல்லாது, தனியா டிக்கெட் வாங்கணும். போறது தப்பில்ல, அந்த மக்களுக்கும் அது வருமானம். ஆனா காலண்டர்லயும் டிவியிலயும் பார்த்த கிராண்ட் கேன்யனை நினைச்சு வர்றவங்களுக்கு, அந்தக் காட்சி தெற்கு விளிம்புலதான் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிடணும்.

என் கருத்து இதுதான். தெற்கு விளிம்புக்குப் போங்க. ஒரு ராத்திரியாவது தங்குங்க. அதுக்காக வேற ஏதாவது ஒண்ணை விட்டுடுங்க.

ஏன் தங்கணும்? அந்தப் பள்ளத்தாக்கை நடுப்பகல்ல பார்த்தா தட்டையாத்தான் தெரியும். வெயில் உச்சியில இருந்து விழும்போது நிழலே இருக்காது, எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். ஒரு நாள் பயணத்துல போறவங்க அங்கே போய்ச் சேர்றது சரியா அந்த நேரத்துலதான். சாயங்காலமும் விடியற்காலையும்தான் ஒவ்வொரு பாறை அடுக்கும் தனித்தனியாப் பிரிஞ்சு தெரியும். நம்ம பெரியவங்க எப்படியும் நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவங்க. அவங்களை எழுப்ப வேண்டியதே இல்ல. பேரப்பிள்ளைங்களை எழுப்புறதுதான் பாடு.

வயசானவங்களுக்குத் தெற்கு விளிம்பு கஷ்டமான இடமும் இல்ல. விளிம்பை ஒட்டி ரிம் டிரெயில்னு நடைபாதை போகுது. நிறைய இடத்துல சமமா, தார் போட்டு, சக்கர நாற்காலி போற மாதிரி இருக்கு. பூங்காவுக்குள்ள இலவச பஸ் ஓடுது. கால் வலிச்சா ஏறிக்கலாம். கீழே இறங்குற பாதைதான் ஆபத்து. இறங்கும்போது சுலபமா இருக்கும். ஏறும்போதுதான் உயிர் போகும். ஒரே நாள்ல ஆத்துக்கு இறங்கி ஏறாதீங்கன்னு பூங்காக்காரங்களே போர்டு வச்சிருக்காங்க.

பாலைவனம்னு கேட்டதும் எல்லாரும் மெல்லிசு சட்டை எடுத்து வைக்கிறாங்க. தெற்கு விளிம்பு கடல்மட்டத்துல இருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அதாவது நம்ம கொடைக்கானல் உயரம். குளிர்காலத்துல பனி கொட்டும், கோடையிலயும் ராத்திரி ஸ்வெட்டர் வேணும். அதே கோடையில பள்ளத்தாக்கோட அடியில 40 டிகிரிக்கு மேல கொதிக்கும். இதய நோய், மூச்சுத் தொந்தரவு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போறது நல்லது. முடிஞ்சா சித்திரை அல்லது புரட்டாசி மாதிரி வச்சுக்கோங்க. தண்ணி பாட்டில் கையில இருக்கட்டும், நிரப்பிக்கக் குழாய் இருக்கு. அந்தத் தண்ணியே எதிர்க்கரைப் பக்கத்து ஊற்றுல இருந்து பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டி ஒரே குழாயில வருது. 2024 ஆகஸ்ட்ல அந்தக் குழாய் உடைஞ்சு, தங்கியிருந்தவங்களை எல்லாம் அனுப்பி வச்சாங்க. அங்கே தண்ணி அவ்வளவு அருமை.

செலவையும் சொல்லிடறேன். 2026-ல இருந்து அமெரிக்காவுல குடியிருக்காதவங்களுக்கு கிராண்ட் கேன்யன்ல வழக்கமான கட்டணத்துக்கு மேல ஆளுக்கு 100 டாலர் கூடுதல். விசிட்டர் விசாவுல வந்த அப்பா அம்மா ரெண்டு பேருன்னா கணக்குப் போட்டுக்கோங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பூங்காவோட இணையதளத்துல ஒரு தடவை பாருங்க. உள்ளே இருக்கிற ரூமெல்லாம் பல மாசம் முன்னாடியே நிரம்பிடும். கிடைக்கலன்னா வாசல்லயே டுசாயன்னு சின்ன ஊர் இருக்கு. இன்னும் தள்ளி வில்லியம்ஸ் இருக்கு. அங்கிருந்து விளிம்பு வரைக்கும் ரயிலே போகுது. 1901-ல போட்ட பாதை.

இனி நான் முக்கியமா நினைக்கிறது. "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது, போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்"னு ஒரு பேச்சு காதுல விழுது. எனக்குக் கோபம் வர்றது இங்கேதான். காவிரித் தண்ணியில பயிர் வச்ச ஆளுக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்?

அந்தப் பள்ளத்தை வெட்டினது ஒரு ஆறு. கொலராடோ. 446 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல ஆழமா அறுத்திருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி. அது மாதிரி இருபத்திநாலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாத்தான் விளிம்பைத் தொடும். அந்த ஆத்தை ஏழு மாநிலங்களுக்கு 1922-ல பங்கு போட்டாங்க. நமக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம் ஆனது 1924. அங்கே நல்ல மழை பெய்ஞ்ச வருஷங்களை வச்சு ஆத்தை அளந்துட்டாங்க. அதனால ஓடுற தண்ணியைவிட எழுதின பங்கு அதிகம். மேலே கிளென் கேன்யன், கீழே ஹூவர்னு ரெண்டு பெரிய அணை. குளிர்காலத்துல உங்க ஃப்ரிட்ஜுல இருக்கிற லெட்டூஸ் பெரும்பாலும் அந்தத் தண்ணியிலதான் விளையுது. ஆறு பெரும்பாலான வருஷம் கடலுக்கே போய்ச் சேர்றதில்ல. இதை உங்க அப்பாகிட்ட அந்த விளிம்புல நின்னு சொல்லிப் பாருங்க. மேட்டூர்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேசுவாரு.

பிரைட் ஏஞ்சல் பாதை இறங்குற இடத்துல நின்னு பார்த்தா, கீழே பாறைக்கு நடுவுல ஒரு பச்சைத் திட்டு தெரியும். ஊற்றுத் தண்ணி இருக்கிற இடம். ஹவசுபாய் மக்கள் அங்கே சோளமும் பீன்ஸும் பூசணியும் வச்சுப் பிழைச்சாங்க. 1919-ல தேசியப் பூங்கா ஆச்சு. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள அவங்களை வெளியேத்திட்டாங்க. 2022-லதான் அந்த இடத்துக்கு ஹவசுபாய் கார்டன்ஸ்னு அவங்க பேரை வச்சாங்க. அந்த மக்கள் இன்னமும் பள்ளத்தாக்குக்குள்ள சுபாய்ங்கிற ஊர்ல இருக்காங்க, தபால் கோவேறு கழுதையில போகுது. சுத்துலா பஸ் வழிகாட்டி இதைச் சொல்ல நேரம் இருக்காது. அந்தப் பச்சைத் திட்டை உங்க அம்மாவுக்கு நீங்கதான் கையைக் காட்டணும்.

அம்மாவுக்குச் சந்தோஷமா இன்னொண்ணு: அங்கே விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில்னு பேர் வச்ச சிகரங்கள் உண்டு. கோயில் ஒண்ணும் இல்ல, பாறைதான். 1880-கள்ல அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் ஆரம்பிச்சு வச்ச பழக்கம். கும்பிடுறவங்க கும்பிட்டுக்கட்டும்.

லீவு இல்லையே, செலவு ஆகுதேன்னு நீங்க சொல்றது நியாயம்தான். மாசத் தவணை கட்டுறவங்க கஷ்டம் எனக்கும் தெரியும். நான் கூடுதலா நாள் எடுக்கச் சொல்லல. இருக்கிற நாலு நாள்ல வேகாஸைக் குறைங்க, இல்லன்னா தீம் பார்க்கை விடுங்க. ஒரே வயல்ல ஒரே போகத்துல மூணு பயிர் வச்சா எதுவும் கதிர் பிடிக்காது. உங்க அப்பா அம்மா அங்கே வரப்போறது அநேகமா ஒரே ஒரு தடவை. ரூம் போடுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போட்டு, "எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும்"னு கேளுங்க. அந்தப் பதிலை வச்சு மத்ததைத் திட்டம் போடுங்க.