மன்னார்க் காற்றின் விலை

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனைக் கொண்டு நிறுவி, 2020 டிசெம்பரில் திறந்துவைத்த 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி, மீன்பிடியை நம்பி வாழ்ந்த இக்கரையை வல்லரசுப் போட்டியின் எல்லைக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் கலப்பு மின்திட்டங்களை அமைக்க விலைமனுவில் தெரிவான சீன நிறுவனம், இந்தியாவின் பாதுகாப்பு ஆட்சேபத்தால் விலக நேர்ந்தது.

2022 யூனில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டபோது, பெரிய திட்டங்களுக்குப் போட்டி விலைமனுக்கோரல், அதாவது பலரிடமும் பகிரங்கமாக விலை கேட்டுத் தகுதியான குறைந்த விலையைத் தெரிவுசெய்யும் முறை, கட்டாயமாக வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அதன்பின் மன்னாருக்கும் பூநகரிக்குமாக இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட 484 மெகாவாட் திட்டத்தின் மின்சாரத்தை, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க 2024 மே மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. புதிய அரசாங்கம் விலையை மீளாய்வு செய்ய முற்பட்ட நிலையில், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனால் மன்னாரிலேயே போட்டி விலைமனுவின் வழியாக வழங்கப்பட்ட 50 மெகாவாட் திட்டத்தின் விலை 4.65 சதம். இரு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறானவை என்றாலும், மூடிய அறையில் பேசப்படும் விலையை நாடு நம்பக்கூடாது என்பதற்கு இந்த இடைவெளி போதிய சான்று.

பகிரங்க விதியே சிறிய நாட்டின் வெளியுறவுக் காப்பாகவும் அமையும். எல்லோருக்கும் ஒரே விதி இருக்குமானால், ஒருவரை மறுப்பது மற்றவரின் பக்கம் சாய்வதாகாது. விலைமனுவில் வென்றவரைப் பிறகு விலக்கிய தீவுகளின் அனுபவம் இவ்விதியைப் பொய்யாக்கவில்லை. பாதுகாப்பு வரையறைகளை அரசாங்கம் விலைமனு ஆவணத்திலேயே முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும் என்பதையே அது உணர்த்துகிறது.

தொழில்நுட்பத்தால் இக்கரை முன்பும் வஞ்சிக்கப்பட்டதுண்டு. சிப்பி படியும் கடலடித் திட்டுகளான முத்துப்பார்களை 1906இல் பிரித்தானிய அரசு இலண்டன் நிறுவனமொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில பருவங்களிலேயே சிப்பி அற்றுப்போக, பின்னர் யப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையையே மாற்றியமைத்தது. முத்துக்குளிப்புத் துறையான சிலாபத்துறையில் மூலப்பொருள் மட்டுமே விலைபோனதேயன்றி அறிவு தங்கவில்லை. ஆகவே காற்றாலைப் பராமரிப்புப் பயிற்சியும் உள்ளூர் வேலைப் பங்கும் ஒப்பந்த நிபந்தனைகளாக வேண்டும்; தைத்தானியத்தின் தாதுவான இக்கரையின் இல்மனைற்று மணலை வெறுமனே அள்ளி ஏற்றும் திட்டங்களோ நிறுத்தப்பட வேண்டும்.

2025 ஓகஸ்டில் வீதிக்கிறங்கிய மன்னார் மக்களின் எதிர்ப்பைத் தொழில்நுட்ப வெறுப்பாகக் கொள்வது தவறு. கோபுரங்களுக்காக மண்ணிட்டு உயர்த்திய பாதைகள் மழைநீரின் போக்கை மறித்து ஊருக்குள் வெள்ளத்தைத் தேக்குவதாகவும், கரைவலை இழுக்கும் பாடுகள் பாதிக்கப்படுவதாகவும் அவர்கள் சொல்கின்றனர். வலசைப் பறவைகளின் வழியும் இதுவே. நிலம், வடிகால், பறவைப்பாதை ஆகியவற்றை அளந்து, மக்களின் இணக்கத்தைப் பெற்று, அதன்பிறகே விலை கேட்பது என்ற வரிசையைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். இந்தியா, இலங்கை ஆகிய இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கைச்சாத்தாகிவிட்டது. அந்த இணைப்புக்கான வடம் இடப்பட்டுக் காற்று மின்சாரம் ஏற்றுமதிப் பண்டமாவதற்கு முன்னரே அச்சட்டம் நிறைவேற வேண்டும்.