தக்க வைத்தியர் யார்?

உக்கடத்தில் பேருந்தினின்று இறங்கி, எக்ஸ்ரே உறைகளுடன் வைத்தியரைத் தேடிச் செல்லும் ஸ்திரீகளை நாம் காண்கிறோம். இவர்களுட் சிலருக்கு உடலெங்கும் நோவு. உறங்கி எழுந்தும் அயர்வு. ஆயினும், படத்திலும் இரத்தத்திலும் குறை யாதும் புலப்படுவதில்லை. மனப்பிரமை என்னும் சொல்லே பலருக்கு மருந்தாகக் கிடைக்கிறது.

இது பிரமையன்று, பைப்ரோமயால்ஜியா என்னும் மெய்நோய். 1904இல் ஆங்கில வைத்தியர் கவர்ஸ் இத்தகைய நோவை நாரழற்சி எனக் கருதிப் பெயரிட்டார். அழற்சி இல்லையென்பதும், நோவை உணர்த்தும் நரம்பு மண்டலமே மிகக் கூர்மையடைகின்றதென்பதும் பின்னர் விளங்கின. 1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, உடலில் 18 இடங்களை அழுத்தி 11இல் நோவு காணவேண்டுமென விதித்தது; 2010இல் அம்முறையை விடுத்து, நோயாளியின் வாய்மொழியையே பிரதானமாக்கிற்று. ஆதலால், செவிகொடாத வைத்தியருக்கு இந்நோய் புலப்படாது.

தக்கவர் தைராய்டுக் குறைவு, முடக்குவாதம் முதலியன உளவோவென ஆராய்வார். அதன்பின் பரிசோதனைகளைப் பெருக்கார். படிப்படியான தேகப்பயிற்சியையும் நல்லுறக்கத்தையும் முதற்கண் விதிப்பார். மருந்தை அளவோடு தருவார். பூரண சுகம் வாக்களிப்பவரை விட்டு விலகுதலே நலம்.

மாற்கு சுவிசேஷத்தில், வைத்தியர் பலரை நாடி ஆஸ்தியனைத்தும் இழந்த ஸ்திரீயை நாம் அறிவோம். அவள் துயரம் நம்மூரில் தொடரலாகாது. வைத்தியம் பயிலச் செல்லும் நம் மாணவர், முதலில் கேட்கப் பழகுவாராக.