பரிசோதனைக்கு மட்டும் சுத்தமான கார்கள்

பாடசாலைக்கு மேற்பார்வை அதிகாரிகள் வரும் நாளில் வகுப்பறைகள் பளபளக்கும். குப்பைக்கூடைகள் காலியாக இருக்கும். அவர்களது வாகனம் வாயிலைக் கடந்ததும் பழைய கதைதான். ஆசிரியர்களாகிய எமக்கு இது புதிதல்ல. ஆனால், உலகின் மிகப் பெரிய கார் கம்பனிகளுள் ஒன்று இதே வித்தையைக் கணினியை வைத்துச் செய்தது.

ஜேர்மனியின் வொக்ஸ்வேகன் கம்பனி தனது டீசல் கார்களில் ஒரு மென்பொருளை மறைத்து வைத்திருந்ததை, 2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அம்பலப்படுத்தியது. கார் பரிசோதனை நிலையத்தில் ஓடுகிறதா, வீதியில் ஓடுகிறதா என்பதை அம்மென்பொருள் கண்டுகொள்ளும். பரிசோதனை என்றால் புகைக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கும். வீதிக்கு வந்துவிட்டால் அது தளர்ந்துவிடும். அப்போது வெளியேறிய நைதரசன் ஒட்சைட்டுகள் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 40 மடங்கு வரை இருந்தன. உலகம் முழுவதும் சுமார் 1 கோடி 10 இலட்சம் கார்களில் இம்மென்பொருள் இருந்ததாகக் கம்பனியே ஒப்புக்கொண்டது.

ஏன் இந்த மோசடி? புகைக் கட்டுப்பாடு எந்நேரமும் முழுமையாக இயங்கினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். உதிரிப்பாகங்கள் விரைவில் தேயும். இவை விற்பனையைப் பாதிக்கும். 'சுத்தமான டீசல்' என்ற விளம்பரமும் வேண்டும், இலாபமும் குறையக் கூடாது. அந்தக் கணக்கில் விடுபட்டது, வீதியோரம் அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரல்.

இதற்கு வழிதிறந்தவர்கள் மேற்கு வேர்ஜினியா பல்கலைக்கழகத்தின் சில ஆய்வாளர்கள். அளவுக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதே ஆய்வில் வேறொரு கம்பனியின் டீசல் கார் பெரும்பாலும் எல்லைக்குள்ளேயே நின்றது. ஆக, தொழில்நுட்பம் இருந்தது, மனம்தான் இருக்கவில்லை.

அபராதம், நட்டஈடு என வொக்ஸ்வேகனுக்கு 30 பில்லியன் யூரோவுக்கும் மேல் செலவானது. 'சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்' என்போர் இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் இங்கே திருத்தியது சந்தையல்ல. சுயாதீனமான ஆய்வும் சட்டமும்தான். கம்பனி முதலில் மறுத்தது, சாட்டுச் சொன்னது. பிடிபட்ட பின்னரே ஒப்புக்கொண்டது. அதன் பின்னர், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய மாதிரிக் கார்களை வீதியில் ஓட்டியே பரிசோதிக்கத் தொடங்கியது.

நமது நாட்டிலும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைச் சான்றிதழ் தேவை. வாகனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தே அந்தப் பரிசோதனை நடைபெறுகிறது. சான்றிதழ் உள்ள லொறியும் பஸ்ஸும் ஏற்றத்தில் கரும்புகை கக்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

இன்று 'பசுமை வாகனம்' என்ற பெயரில் புதிய விளம்பரங்கள் நம்மை நோக்கி வருகின்றன. நல்ல வாகனங்கள் அவற்றுள் இருக்கலாம். ஆனாலும் வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்போம்: இதை அளந்தவர் யார்? எங்கே வைத்து அளந்தார்?