பழைய காரும் பாதி உண்மையும்



எழுத்துப் பிழையும் வாய்மொழித் தேர்வும் பேசும் இப்பதிவில் கார் வணிகம் எங்கிருந்து வந்தது என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் எளிது. பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கூறும் செய்தி ஒன்றுண்டு: "டீச்சர், பிள்ளைகளுக்காக ஒரு பழைய கார் பார்த்திருக்கிறோம். விலை மலிவு, தெரிந்தவர் மூலமாகத்தான்." இந்த இரண்டு வரிகளில் மூன்று ஏமாற்றங்கள் ஒளிந்திருக்கின்றன. மலிவு என்பது முதலாவது. தெரிந்தவர் என்பது இரண்டாவது. பிள்ளைகளுக்காக என்பது மூன்றாவது. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

குவீன்ஸ்டவுனுக்கு அருகிலேயே அலெக்சாண்டிரா சாலையும் லெங் கீ சாலையும் உள்ளன. புதிய கார்களின் கண்ணாடிக் காட்சிக்கூடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கண்டு ஆசைப்பட்டு, விலையைக் கேட்டு அஞ்சி, பழைய கார்ச் சந்தைக்குத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, மட்டுமே 1,06,000 வெள்ளிக்குப் போனது. அந்தச் சூழலில் பழைய காரை நாடுவோரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்கள் உண்மையில் எதை வாங்குகிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் விற்பவர்களைக் குறை கூற நமக்கு முழு உரிமையுண்டு.

வெளிநாடுகளில் படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய வீட்டு வண்டிகளை வாங்குவோருக்கு அனுபவசாலிகள் கூறும் முதல் அறிவுரை, சுவரின் அழகைப் பார்க்காதே, ஈரத்தை அளந்து பார் என்பதாகும். பளபளக்கும் பலகைக்குப் பின்னால் சட்டம் உளுத்துப் போயிருக்கும். இரண்டாவது அறிவுரை, சக்கரத்தின் வரிப்பள்ளத்தை மட்டும் பார்க்காதே, அதன் வயதைப் பார் என்பது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நம் ஊரில் காரை ஓட்டிப் பார்க்கச் செல்லும் எத்தனை பேர் குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படிக்கிறோம்?

மலிவு என்ற சொல்லுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு மே மாதம் முதல் சிங்கப்பூரில் காருக்கு உயிர் கொடுப்பது சான்றிதழே. அதன் ஆயுள் பத்து ஆண்டுகள். அது முடிந்தபின் காரைப் பதிவு நீக்க வேண்டும்; அல்லது முந்தைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி மேலும் பத்து ஆண்டுகளுக்கோ, அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டுகளுக்கோ புதுப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த காரை மீண்டும் புதுப்பிக்க முடியாது. அத்துடன், புதுப்பித்த நொடியிலேயே, பத்து ஆண்டுக்குள் பதிவு நீக்கினால் கிடைக்கும் பதிவுக் கட்டணத் தள்ளுபடி கைவிட்டுப் போகிறது. ஆக, வாங்குபவர் பெறுவது இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு பொருளைவிட, எண்ணி முடிக்கத்தக்க சில நாட்களே. சான்றிதழ் விலை உயரும்போது, ஓராண்டு மேலும் தேய்ந்த அதே கியர் பெட்டி முன்பைவிடக் கூடிய விலைக்கு விற்கப்படும் வேடிக்கையும் இங்கேதான் நடக்கிறது.

நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டுகள் மீதமுள்ள ஒரு காரை 40,000 வெள்ளிக்கு வாங்கினால், 48 மாதங்களால் வகுக்க, மாதம் ஏறத்தாழ 833 வெள்ளி. இதில் பெட்ரோலும் காப்புறுதியும் நிறுத்துமிடமும் சேரவில்லை. பத்து ஆண்டைக் கடந்த காருக்குச் சாலை வரி ஆண்டுதோறும் பத்து விழுக்காடு வீதம் ஏறி, ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். 1,600 சிசி பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 743 வெள்ளியாக இருந்த வரி, 1,114 வெள்ளியை எட்டும். இடையில் கியர் பெட்டிக்கு 4,000 வெள்ளி செலவானால், மாதம் 833 என்பது ஏறத்தாழ 917 ஆகிவிடும். இந்த வகுத்தலைச் செய்து பார்த்தபின் வாங்குபவரிடம் எனக்கு வாதமில்லை. செய்யாமலேயே மலிவு என்பவரிடம்தான் வாதம்.

"பரிசோதனையில் தேறிய வண்டி" என்பது விற்பவர்கள் தவறாமல் கூறும் வாசகம். உண்மைதான். பத்து ஆண்டைக் கடந்த கார்கள் ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கப்படுகின்றன. பிரேக், விளக்கு, புகை முதலியவை பார்க்கப்படுகின்றன. அன்றைய நாளில் அந்த வண்டி சாலையில் செல்லத் தக்கதா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. கியர் பெட்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும், ஹைபிரிட் மின்கலம் எவ்வளவு தேய்ந்துள்ளது, ஓடிய தூரத்தைக் காட்டும் எண் உண்மையானதா, என்றோ ஒரு நாள் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பனவெல்லாம் அந்த வினாத்தாளிலேயே இல்லை. தேர்ச்சிக்கும் கற்றலுக்கும் உள்ள தொலைவை ஆசிரியர்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறைந்த குறை உயிரைத் தொடுவது. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்து உலோகச் சிதறல்கள் ஓட்டுநர்களைக் கொன்ற செய்தியைப் பலர் மறந்திருப்பர். உலகெங்கும் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. 2017இல் அந்நிறுவனம் திவாலானது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. அதிலிருந்த வேதிப்பொருளைக் கெடுத்தவை ஆண்டுக்கணக்கான வெப்பமும் ஈரப்பதமும். நம் தட்பவெப்பம் அதுவேயன்றோ? பழைய கார் கைமாறிக் கைமாறி வரும்போது, திரும்பப் பெறும் கடிதம் முந்தைய உரிமையாளரின் முகவரியோடு நின்றுவிடக்கூடும். அடிச்சட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் காரின் அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடம் கேட்டால், மாற்றப்பட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் நேரமே தேவை.

அடுத்து, தெரிந்தவர். நம் சமூகத்தில் இது ஒரு பெரும் நோய். நம் ஆள், ஊர்க்காரர், கோயிலில் பார்ப்பவர் என்ற சொற்கள் வந்தவுடன் ஒப்பந்தத்தைப் படிப்பதே அவமரியாதை என்று எண்ணிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பெற்றோர் அப்படித்தான் வாங்கினார். ஆறு வாரத்தில் கியர் பெட்டி போயிற்று. கடைக்காரரிடம் சென்றால், "நான் விற்கவில்லையே, உரிமையாளரின் சார்பில் நிறுத்தி வைத்திருந்தேன், அவ்வளவுதான்" என்றாராம். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், விற்பவர் என்ற இடத்தில் முன்பின் அறியாத ஒரு தனிமனிதரின் பெயர்.

இந்தச் சூழ்ச்சியின் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். 2012 செப்டம்பர் 1 முதல் பழுதுள்ள பொருட்களுக்கான சட்டம், மக்கள் வழக்கில் லெமன் சட்டம், நடைமுறையில் உள்ளது. பயன்படுத்திய கார்களும் அதில் அடங்கும். வாங்கிய ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் பழுது, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது. பழுதுபார்த்தல், மாற்றித் தருதல், விலைக்குறைப்பு, பணத்தைத் திருப்பித் தருதல் எனத் தீர்வுகள் உண்டு. வயதுக்குரிய தேய்மானமும், முன்கூட்டியே சொல்லப்பட்ட குறையும் அதில் சேரா. "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி எழுதி இந்தப் பாதுகாப்பைப் பறித்துவிட முடியாது. ஆனால் விற்பவர் வணிகராக இருக்க வேண்டும். தனிமனிதரிடமிருந்து வாங்கினால் இச்சட்டம் துணைக்கு வாராது. ஆகவேதான் கடையின் விளக்கொளியில் கைகுலுக்கிவிட்டு, தாளில் மட்டும் தனிமனிதரின் பெயரை எழுதுகிறார்கள்.

பழைய பொருளில் பழைய குறை இருக்கத்தானே செய்யும் என்று விற்பவர் கேட்பர். இருக்கட்டும். அதைச் சொல்லி விற்கட்டும் என்பதே நம் கோரிக்கை. மறைந்த குறை என்கிறோம். குறை தானாக மறைவதில்லை. காரை மாதக்கணக்கில் கையில் வைத்திருந்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்புண்டு. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தவருக்கு வாய்ப்பில்லை. குறைவாக அறிந்தவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது என்ன நியாயம்? கடையில் வைத்து விற்கப்படும் ஒவ்வொரு பழைய காருடனும், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையின் பரிசோதனை அறிக்கை கட்டாயம் தரப்பட வேண்டும். சார்பில் விற்கும் கடைக்காரரும் லெமன் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட வேண்டும். இவை என் கருத்துகள். மிகையான கோரிக்கைகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை நாம் செய்யத்தக்கவை சில. முன்பணம் கொடுக்குமுன் நாமே தேர்ந்தெடுத்த பட்டறையில் காரைக் காட்டுவோம். அதற்கு இணங்காத விற்பனையாளரை விட்டு விலகுவோம். விற்பவர் பெயரைப் படிப்போம். சான்றிதழ் ஐந்து ஆண்டா, பத்து ஆண்டா, எந்நாளில் முடிகிறது என்று எழுத்தில் பெறுவோம். வாய்மொழி வாக்குறுதிகளை ஒப்பந்தத்தில் ஏற்றச் சொல்வோம். ஏமாற்றப்பட்டால் வெட்கி வாய்மூடி இராமல், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடுவோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் வழக்குரைஞர் இன்றியே விசாரிக்கிறது.

கடைசியாக, பிள்ளைகளுக்காக. சக்கர நாற்காலியில் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வீடுகள் உண்டு. அவர்களுக்குக் கார் தேவையே. ஆனால் 1988இலேயே பெருவிரைவு இரயில் வந்துவிட்ட குவீன்ஸ்டவுனில், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெரியவர்களின் ஆசையை வாங்க வேண்டியதில்லை. ஆசை இருந்தால் ஆசை என்றே சொல்வோம், அதில் தவறில்லை. அப்போதுதான் விலையைத் தெளிந்த கண்ணோடு பார்க்க முடியும். பழுதான கார் பட்டறையில் நிற்கும் மாதங்களில் வீட்டில் எழும் சண்டையைக் கேட்டுக்கொண்டு வகுப்பில் வந்து அமர்வதும் அதே பிள்ளைதான்.