ஒட்டத் தெரிந்தால் போதுமா?



பட்டறை வகுப்பில் நமக்கு என்னென்ன சொல்லித் தருகிறார்கள்? அராவ, அறுக்க, துளையிட, பற்றவைக்க... எல்லாம் ஒன்றை உருவாக்கத்தான். ஏற்கெனவே இருப்பதைச் சேதாரமில்லாமல் எடுக்கப் பாடம் உண்டா? "இதுக்கெல்லாமா ஒரு பாடம்?" என்று சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவன்தான்!

போன விடுமுறையில் நாகைப் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பயிற்சிக்குப் போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்தவை இந்தப் படகுகள். மீனவர் ஒருவர் கடன்பட்டு ஒரு பழைய படகு வாங்கியிருந்தார். அதன் பக்கவாட்டில் பழைய சொந்தக்காரர் ஒட்டிய வினைல் எழுத்துகள். அவற்றை எடுத்துவிட்டுத் தன் மகள் பெயரைப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. "டிப்ளமோ தம்பி பாத்துக்குவாரு" என்று வேலையை என்னிடம் விட்டார் மேஸ்திரி.

எனக்கு ஏது பொறுமை? உளியை எடுத்துச் சுரண்டினேன். இரண்டு எழுத்து போனது. கூடவே ஜெல்கோட்டும் போனது!

"எழுத்தை எடுக்கச் சொன்னா, படகோட தோலையே உரிச்சிட்டியே தம்பி!" என்றார் மேஸ்திரி. உண்மைதான். ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அது போனால் உள்ளே கண்ணாடி இழைக்குள் தண்ணீர் இறங்கும். படகுக்காரர் என்னைத் திட்டவில்லை. "நாளைக்குக் கடலுக்குப் போவ முடியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் தொழில் போனது அவருக்கு.

மிச்ச எழுத்துகளை மேஸ்திரி எடுத்த விதம் இது. வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த வினைல் மொறமொறத்துப் போயிருக்கும். அப்படியே இழுத்தால் துண்டு துண்டாக உடையும். அதனால் முடி உலர்த்தும் டிரையரால் இளஞ்சூடு காட்டினார். பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்தைக் கிளப்பி, பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுத்தார். டிரையரை அணைத்து, படகு ஆறிய பிறகுதான் மண்ணெண்ணெய்த் துணி! பசையை ஊறவைத்துத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவினார்.

அப்போதும் எழுத்து நிழலாகத் தெரிந்தது. நான் மறுபடி உளியைத் தேட, "அது பசையில்ல, பழைய நிறம்" என்றார். எழுத்துக்கு அடியில் வெயில் படவில்லை. சுற்றிலும் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்டால் வெளுத்த இடத்தைத் தேய்த்து மெருகேற்றியதும் நிழல் மங்கியது. கடைசியில் மெழுகு பூசினார். நான் கெடுத்த இடத்துக்குத்தான் புது ஜெல்கோட், உப்புத்தாள் என்று அத்தனை வேலை!

தோழர்களே, நம்மில் எத்தனை பேர் புது இயந்திரம் வடிவமைக்கப் போகிறோம்? நிறையப் பேர் போகப்போவது பராமரிப்பு வேலைக்கு. பேரிங்கைப் புல்லர் போட்டு எடுக்காமல் சுத்தியலால் அடிப்பதும், அலுமினிய ஹெட்டில் ஒட்டிய கேஸ்கட்டை உளியால் சுரண்டுவதும் நான் செய்த அதே தப்புத்தான்.

"பாடத்திட்டத்தில் இடம் எங்கே?" என்பார்கள். ஒரு பிற்பகல் போதும்! ஒரு உடைந்த ஃபைபர் பலகை, ஒரு டிரையர், கொஞ்சம் பழைய ஸ்டிக்கர். செலவும் பெரிதில்லை. பட்டறையில் பலகை கெட்டால் பரவாயில்லை. கரையில் கெடுவது ஒருவருடைய பிழைப்பு.

கேட்போமா நண்பர்களே?

— இறுதியாண்டு, இயந்திரவியல்