வீக் ஆஃப்

ஓசூரில் ஞாயிறு என்றைக்கு வரும் என்பதைக் காலண்டர் சொல்லாது, ஷிப்ட் அட்டவணைதான் சொல்லும். ஒருவருக்கு அது செவ்வாய், இன்னொருவருக்கு வியாழன். சிப்காட்டில் ஏ ஷிப்ட் பார்ப்பவர் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறியிருப்பார். நைட் முடித்து வந்தவர் காலை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கத்தின் பாதியில் கண்ணயர்ந்துவிடுவார்.

கிறிஸ்தவ விசுவாசம் உங்கள் அன்றாடத்தை எப்படி மாற்றியது என்று கேட்டால், நம்மவர்கள் சாட்சி சொல்லத் தொடங்குவார்கள்: குடியை விட்டேன், கடன் அடைந்தது, பிள்ளைக்குக் கான்வென்டில் இடம் கிடைத்தது. பொய்யில்லை. ஆனால் இந்தத் தொழிற்பேட்டையில் நிஜமான பரீட்சை ஞாயிறு ஓ.டி.யில் நடக்கிறது. பைக் தவணையும் சீட்டுப் பணமும் தலைக்கு மேல் நிற்கும்போது இரட்டைச் சம்பளத்தை வேண்டாம் என்பது எளிதல்ல. காண்ட்ராக்ட் தொழிலாளி "கோவிலுக்குப் போகணும் சார்" என்றால் சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஞாயிறும் வேலைக்குப் போகிறவரை விசுவாசத்தில் குறைந்தவர் என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பது சுலபம். அந்த சூப்பர்வைசரே கிறிஸ்தவராக இருந்து, தன் ஞாயிறை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால்?

ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்பதில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் வரை எண்ணிச் சொல்லி ஓய்வு கொடுக்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாகக் கிடந்தவன்தானே என்று உபாகமம் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. வேலை வாங்குபவனைப் பார்த்துப் பேசும் கட்டளை இது.

வார விடுமுறை வெள்ளைக்காரன் கொடுத்த கொடை என்று நினைப்பவர்கள் உண்டு. பம்பாய் மில்களில் அதைப் போராடி வாங்கியவர் ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. 1890 ஜூன் 10 அன்று முதலாளிகள் இறங்கி வந்தார்கள். நாம் கோவிலுக்குப் போகும் நாளை ஆலைத் தொழிலாளிக்கு வாங்கித் தந்ததில் கண்டோபாவுக்கும் பங்குண்டு!

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவைப் பன்னிரண்டு மணி நேர மசோதா என்றே எல்லோரும் பேசினோம். விலக்கு தரலாம் என்று அது பட்டியலிட்ட பிரிவுகளில் 52-ம் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வார விடுமுறையைச் சொன்ன பிரிவு அது. தொழிற்சங்கங்களும் கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்தார்கள். மே தினத்தன்று முதல்வர் மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். கத்தோலிக்கருக்கு அந்த நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள், 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தியது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் கதை வேறு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வைத்துக்கொண்டே, கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் பன்னிரண்டு மணி நேர வேலை நாளுக்கு வழிவிட்டது. ஓசூரில் தூங்கி பொம்மசந்திராவில் வேலை பார்ப்பவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் யாருக்கு வாக்கு என்று சாடை காட்டத் தெரிந்த இடங்களில், இதையெல்லாம் அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம் சொல்ல ஏன் வாய் வருவதில்லை?

அந்நியன் என்று கட்டளை சொல்வது யாரை என்று தேடிப்போக வேண்டியதில்லை. ஓசூர் அருகே அப்போது அமைந்துவந்த ஐபோன் ஆலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேருக்குப் பயிற்சி தரப்பட்டதாக ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் சொன்னார். 1845இலேயே கோஸ்னர் மிஷன் கால்வைத்த ஊர் ராஞ்சி. 1885இல் அந்தப் பக்கம் போன யேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், முண்டா மக்களின் நில வழக்குகளில் துணை நின்றதால்தான் அவர்கள் மனதில் இடம் பிடித்தார். விடுதிகளில் தங்கியிருக்கும் அந்தப் பெண்களில் ஜெபமாலையோடு வந்தவர்களும் இருப்பார்கள். தங்கள் சாத்ரி மொழியில் பாட ஒரு மணி நேரம் நம் கோவிலைத் திறந்துவிடலாம். பாட்டு முடிந்ததும் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்க, பி.எஃப். கணக்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். லீவன்ஸ் செய்தது ஏறக்குறைய இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது கம்பெனிக் கேட்டுக்கு வெளியே. ஆராதனை முடிந்து நாம் வீடு திரும்பும்போது பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டு, பாத்திரத்துக்காகக் காத்திருக்கும் வீட்டு வேலை அக்காவுக்கு வீக் ஆஃப் கிடையாது. தொழிற்சாலைச் சட்டம் அடுப்படிக்குள் வருவதில்லை. வருகிற ஞாயிறு முதல் அவருக்கு லீவு விடுங்கள், சம்பளம் பிடிக்காமல்.