கழலை நோயும் காலந்தாழ்ந்த காப்பும்

வெள்ளம் வருமுன் கரையை உயர்த்த வேண்டும் என்பதை அறியாத உழவன் இல்லை. ஆள்வோர்தாம் அதனை மறந்துவிடுகின்றனர். மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோயின் வரலாறு இதனைத் தெற்றெனக் காட்டும்.

அம்மை இனத்து நச்சுயிரி ஒன்றால் வருவது இந்நோய். ஆட்டம்மை நச்சுயிரிக்கு அது நெருங்கிய உறவு. முதலில் காய்ச்சல் காணும், பின்னர் மேனியெங்கும் கழலைகள் புடைக்கும், பால் வற்றும், சினை சிதையும். கொசுவும் கடிஈயும் உண்ணியும் அதனை மாட்டுக்கு மாடு கொண்டு சேர்க்கும். மாந்தரை அது தொற்றுவதில்லை. நச்சுயிரியையே அழிக்கும் மருந்து இல்லை. முன்கூட்டி இடும் தடுப்பூசியே உறுதியான காப்பு.

1929-இல் ஆப்பிரிக்கச் சாம்பியாவில் முதன்முதல் அறியப்பட்ட இந்நோய், 2015-இல் கிரேக்கத்தை அடைந்து, அடுத்த ஆண்டே பால்கன் நாடுகளிற் பரவிற்று. அந்நாடுகள் வாளாவிருக்கவில்லை, எல்லை கடந்து ஒருங்கிணைந்து மாடுகளுக்கு ஊசியிட்டன. 2016-இல் 7,483 ஆக இருந்த நோய்த் தாக்குதல்கள் 2017-இல் 385 ஆகக் குறைந்தன. குரோவாசியாவோ நோய் நுழையுமுன்னரே ஊசியிட்டது; அவ்வாண்டுகளில் அங்கு நோய் புகவேயில்லை.

இந்தியாவில் நடந்தது என்ன? 2019-இல் ஒடிசாவில் நோய் வெளிப்பட்டது. காப்பளிக்கவல்ல ஆட்டம்மைத் தடுப்பூசி அன்றே கைவசம் இருந்தது. முழுதாக மூன்று ஆண்டுகள் கிடைத்தன. ஆயினும், 2022-இல் இராசத்தானிலும் குசராத்திலும் மாடுகள் கூட்டங்கூட்டமாய்ச் சாய்ந்த பின்னரே ஊசி பெருமளவில் ஊர்களுக்குச் சென்றது. இந்நோய்க்கென்றே இந்திய அறிவியலார் ஆக்கிய தடுப்பூசியும் அவ்வாண்டுதான் அறிவிக்கப்பட்டது. அரசுக் கணக்கின்படியே அவ்வோராண்டில் 1,50,000-க்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன.

'கொசுவையும் ஈயையும் எல்லையில் நிறுத்த இயலுமோ?' என வினவுவோர் உளர். இயலாது, அதனாலன்றோ ஊசி முந்த வேண்டும் என்கிறோம்! இதனை ஊழென்று கூறிக் கைகழுவுவது அறிவுடைமையாகாது. இராசத்தான் அரசு 2023-இல் இறந்த கறவை ஒன்றுக்கு 40,000 உரூபா இழப்பீடு வழங்கியது. அது நன்றே. எனினும், ஒற்றைக் கறவையின் பாலை விற்று உலையேற்றிய குடும்பம் இடைப்பட்ட திங்கள்களில் எதை உண்டிருக்கும்?

ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன்பே ஒவ்வொரு சிற்றூரிலும் ஊசியிடுதல் வேண்டும். நோய் கண்ட இடத்தில் மாட்டுச் சந்தையை நிறுத்துதலும், நோயுற்றதைப் பிரித்துக் கட்டுதலும், தொழுவத்தில் நீர் தேங்காது காத்தலும் வேண்டும். இவற்றை உழவனுக்கு விளங்கும் அவன் சொல்லிலேயே அறிவித்தலும் வேண்டும். கழலை என்றால் அவன் அறிவான்; விளங்காப் பெயரைச் சொல்லி அவனை மருட்டுவதால் பயனில்லை.

பழந்தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. ஏழையின் தொழுவத்திலுள்ள அச்செல்வத்தைக் காப்பதே அரசின் முதற்கடன். இழந்தபின் விலை கொடுப்பது அதற்கு ஈடாகாது.